பச்சை ஸ்டிக்கர்

தெருவிலேயே குறைவாகத் தண்ணீர் செலவழித்த வீட்டுக்குக் குடிநீர் வாரியம் ஒரு பச்சை ஸ்டிக்கரும் பிளாஸ்டிக் வாளியும் கொடுக்கும். இந்த முறை அது ரெஜினாக்கா வீட்டுக்கு என்றதும் வாரிய ஊழியன் தனசீலனுக்கு நம்ப முடியவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் அதே கதவில், அளவுக்கு மீறிச் செலவழித்ததாகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியவன் அவன்தான். அன்று கொடி நிறைய ஈரப் படுக்கைவிரிப்புகள். கட்டிலோடு கிடந்த கணவரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டே, "என்னை என்னதான் பண்ணச் சொல்ற?" என்று அவள் சீறியது இன்னும் காதில் இருந்தது.

இன்று கொடியில் ஒற்றைப் புடவை.

"எப்படிக்கா இவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க? மத்தவங்களுக்கும் சொல்லணுமாம், எழுதிட்டு வரச் சொன்னாங்க" என்று படிவத்தை எடுத்தவன் உள்ளே பார்த்தான். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தியிருந்தது.

"துவைக்கறதுக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், சிவப்பு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினான். அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

"அத விடு. அவரு இருந்தப்ப ஒட்டினது."

பச்சையை வைத்துக்கொண்டு அவன் நின்றான்.

"அத வேணா வாளியில ஒட்டிட்டுப் போ."