முதல்ல, அப்புறம்

திரையில் வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்துகொண்டிருந்தது.

தண்ணீர். பாட்டு. வலி. பாத்ரூம்.

மகள் எதையும் அமுக்கவில்லை.

அம்மா மகளின் முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுபிக்ஷாவின் உடம்பில் சொன்னபடி கேட்பது அந்த வலது முழங்கை ஒன்றுதான். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் சிவப்புப் பொத்தான் ஒன்றை மாட்டியிருந்தார்கள். வேண்டிய படத்தின் மேல் வெளிச்சம் வரும்போது அதை அமுக்கினால், எதிரே நிறுத்தியிருக்கும் டேப்லெட் அந்தச் சொல்லைப் பேசும்.

பன்னிரண்டு வயது. இதுவரை ஒரு சொல் பேசாத பிள்ளை. ஒன்றும் புரியாது என்று டாக்டர் எப்போதோ சொன்னதை வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

அவளும்தான்.

அந்தச் சிறப்புப் பள்ளியில் பெனினா டீச்சர் அன்றைக்குப் புதிதாகச் சில கட்டங்கள் சேர்த்திருந்தாள். நான். அம்மா. போ. பயம். எப்போ. முதல்ல கை கழுவு, அப்புறம் சாப்பிடு என்று பழக்குவதற்காக, முதல்ல, அப்புறம் என்று இரண்டு கட்டங்கள்.

முழங்கை அசைந்தது.

“முதல்ல” என்றது டேப்லெட். பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்லும் பெண்குரல்.

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்.”

வெளிச்சம் சுற்றி வர நேரமெடுத்தது. மகளின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“அப்புறம்.”

“அம்மா.”

டீச்சர் கத்தியேவிட்டாள். “யம்மா! நாலு வார்த்தை! மொதல்ல நான் சாப்புடுதேன், அப்புறம் நீ சாப்புடுன்னு சொல்லுதா பாருங்க. பொல்லாத புள்ள!”

வகுப்பறையில் கைதட்டல். அவளும் சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு டப்பாவை எடுக்கத் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல்.

“போ.”

பிறகு,

“எப்போ.”

டப்பா அவள் கையிலேயே நின்றது.

கைதட்டல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. வேறெங்கோ கேட்பதுபோல.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தன்னைப்போலவே மகளைக் கூட்டிவரும் ரஹ்மத்திடம் தினமும் சொல்வதுதான். கீரை ஆய்ந்தபடி. கொட்டாவி விட்டபடி. மொதல்ல இவ போய்ச் சேந்துரணும், அப்புறம் நான் நிம்மதியாப் போவேன். ரஹ்மத்தும் தன் மகளைப் பற்றி அதையே சொல்வாள். இரண்டு பேரும் பெருமூச்சு விடுவார்கள். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

பக்கத்திலேயே மகள் இருப்பாள். தலை சாய்ந்து, எச்சில் வழிய.

“வீட்டுக்கு எப்போ போவோம்னு கேக்கா போல” என்றாள் டீச்சர்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“மணியடிச்சதும் போவோம்மா.”

மகளின் கண்கள் அவள் முகத்திலேயே நின்றன.

வெளிச்சம் மறுபடியும் கிளம்பியது. வீடு என்ற படத்துக்கு வந்தது. தாண்டிப் போனது. முழங்கை அசையவில்லை.

“முதல்ல. நான்.”

வெளிச்சம் வரட்டும் என்று மகள் காத்திருந்தாள்.

“எப்போ.”

அந்த முகத்தில் கோபம் இல்லை. திருச்செந்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல இருந்தது. அவள் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சாப்பாடு இல்ல டீச்சர். வீடும் இல்ல. நான் சொன்னதக் கேக்கா.”

“என்ன சொன்னீங்க?”

அதை அவளால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. உதடு கோணியது. டீச்சர் அவளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவள் நாற்காலியின் பக்கம் நகர்ந்தாள். மகளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்தாள். வாயைத் திற, திரும்பு, தூங்கு. இத்தனை வருஷமும் பேசியது அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திருந்ததே இல்லை.

“நீ எங்கயும் போவாண்டாம் ட்டி. எனக்குப் பெறவு ஒன்ன ஆரு பாப்பான்னு பயம். அந்தப் பயத்துல பேசிட்டேன்.”

வெளிச்சம் நகர்ந்தது.

அவள் காத்திருந்தாள்.

தண்ணீர். பாட்டு. வலி. ஒரு சுற்று முழுதாக முடிந்தது. முழங்கை நடுங்கி ஒருமுறை தவறியது. மறு சுற்று.

“பயம்” என்றது அந்தக் குரல்.

“நான்.”

அவள் மகளின் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ரவிக்கை நனைந்தது. யாருடைய ஈரம் என்று தெரியவில்லை.

வாசலில் குடம் இறங்கும் சத்தம். ரஹ்மத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். தன் மகள் நஸ்ரின் சுவரோரப் பாயில் தூங்குகிறாள் என்று விட்டுப் போயிருந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

“என்னக்கா, தரையில ஒக்காந்து அழுதுகிட்டு? இதுகளப் பெத்துட்டு நாம படுற பாட்டுக்கு, அல்லா ஒரு நாள்...”

அவள் பாய்ந்து எழுந்தாள். ரஹ்மத்தின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

ரஹ்மத்தின் விழிகள் மிரண்டன. அவள் கையை எடுக்கவில்லை. மறு கையால் ரஹ்மத்தின் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

பாயில் நஸ்ரின் அசையாமல் கிடந்தாள்.

திறந்த கண்கள் ரஹ்மத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.