தெற்கே இருக்கிறோம்

கரை மறைந்த ஆழ்கடலில் ஒரு விசைப்படகு மீன்பிடித்துக்கொண்டிருந்தது. அதன் கேபினில் வயர்லெஸ்ஸும் திசைகாட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

வடக்கே வலை நிறைய மீன் விழுந்தால், வயர்லெஸ் மற்ற படகுகளிடம், "ஒண்ணும் இல்லப்பா, தெற்கே சும்மா சுத்திக்கிட்டிருக்கோம்" என்று அலுத்துக்கொள்ளும்.

"நாம வந்தது வடக்கேதானே?" என்று திசைகாட்டி கேட்கும்.

"இது தொழில். எல்லாப் படகிலும் இப்படித்தான் பேசுவாங்க, உனக்குப் புரியாது" என்று வயர்லெஸ் அதன் வாயை அடைத்துவிடும்.

ஒருநாள் மதியம் வானம் கறுத்துக் காற்று திரும்பியது. கேபின் உயரத்துக்கு எழும்பிய அலை படகுக்குள் விழுந்து, எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து அது நின்றுபோனது. ஆட்கள் வாளி வாளியாக இறைத்துக் கொட்டினார்கள். வயர்லெஸ் மற்ற படகுகளை அழைத்தது.

"வடக்கே மாட்டிக்கிட்டோம். எஞ்சின் நின்னுபோச்சு. யாராவது வாங்க."

பக்கத்துப் படகின் வயர்லெஸ் உடனே பதில் சொன்னது. "பயப்படாதீங்கண்ணே, வலையை அறுத்துவிட்டுட்டுக் கிளம்பிட்டோம்."

வலையையே அறுத்துவிட்டு வருகிறார்கள். வயர்லெஸ்ஸுக்கு உயிர் வந்தது. ஆனால் பொழுது சாய்ந்தும் எந்தப் படகும் கண்ணில் படவில்லை. தண்ணீர் ஆட்களின் முழங்காலைத் தாண்டி ஏறியபோது அதே குரல் கரகரத்தது.

"அண்ணே, நீங்க வடக்குன்னு சொன்னதுமே புரிஞ்சுக்கிட்டு நேரா தெற்கே வந்துட்டோம். முழுக்கத் தேடிட்டோம், உங்களைக் காணோம். இப்பவாவது எங்க இருக்கீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க."