நாலு புதுக் கட்டை

பாட்டு இழுக்க ஆரம்பித்ததும் கமலவேணி வாசலைப் பார்த்தாள். அப்பா இல்லை. முகம் வழித்துக்கொள்ள சவரக் கடைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

நல்லதாகப் போயிற்று.

டேப்பில் துள்ளிக்கொண்டு ஓடிய டிஸ்கோ பாட்டு, கால் சுளுக்கினவள் மாதிரி நொண்டியது. பாடுகிற பெண்ணின் குரல் தடித்துக்கொண்டே போய் ஆம்பிளைக் குரல் ஆனது. பேட்டரிக் கட்டை தீருகிறது. இன்னும் இரண்டு பாட்டு போனால் எழவு வீட்டு ஒப்பாரிதான்.

அந்த நேரம் பார்த்து வந்துவிடுவார் அப்பா பக்கிரி. குரல் இழுத்தால் போதும், எங்கே இருந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். பாதிப் பாட்டில் நிறுத்தி, டேப்பைத் தூக்கிக்கொண்டுபோய்த் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். கட்டை முழுசாகச் செத்தபிறகுதான் டேப் வெளியே வரும்.

என்ன மனுஷனோ. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர், புதுக் கட்டையை மட்டும் தானே வாங்கிவந்து போடுவார். போட்டுவிட்டு அவள் பாட்டைப் போடச் சொல்வார். முப்பது வருஷம் மில்லில் தறிச் சத்தம் கேட்டவருக்கு அந்தப் பாட்டு ஆகவே ஆகாது. தகரத்தில் கல்லைப் போட்டு உருட்டுகிறான்கள் என்பார். காதோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் போய் உட்காருவார். இருந்தாலும் நிறுத்தச் சொல்லமாட்டார். ஞாயிறு ஞாயிறாக ஓடும். மூன்று மாசம் கழித்துக் குரல் இழுக்கிற அன்றைக்குப் பிடுங்கிக்கொள்வார்.

டேப் அண்ணன் கோவிந்தராசு வாங்கியது. பிரான்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்த ஒரு சொல்தா வீட்டில் பழசாகப் பிடித்தான். மறுநாள் காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போகும்போது மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரி அடித்தது. அவன் போய் மூன்று வருஷம். அவன் ஞாபகமாக வீட்டில் இருப்பது இந்த ஒரு சாமான். அதையும் ஆசைதீரக் கேட்க விடாத தகப்பன்.

இந்த முறை அவள் விடுவதாக இல்லை. சோப்புக் கம்பெனியில் வாங்கிய முதல் சம்பளத்தில் நாலு புதுக் கட்டை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். பழசைக் கழற்றினாள். வீட்டில் இருந்தால் அதை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார் என்று, பின்பக்கம் போய் வாய்க்காலில் வீசினாள். கறுப்புச் சேறு நாலையும் விழுங்கிக்கொண்டது.

புதுசைப் போட்டு அமுக்கினாள். அப்பாடா! என்ன சுத்தமான சத்தம். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. அவள் தலை தானாக ஆடியது.

பாட்டு முடிந்து திரும்பினால், அப்பா நிற்கிறார். மழுமழுவென்று வழித்த முகம். ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

"பழைய கட்ட எங்க?"

"வாய்க்கால்ல போட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. பின்பக்கம் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். முழங்கால் சேற்றில் குனிந்து கையைவிட்டுத் துழாவினார். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். கமலவேணிக்கு மானம் போயிற்று. புதுசு இருக்கும்போது செத்த கட்டை எதற்கு என்று கரையில் நின்று கத்தினாள்.

அவர் வெறுங்கையோடு ஏறி வந்தார். சேறு வழியத் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தார். அவள் பார்த்தே இராத கேசட். அதை டேப்பில் போட்டு அமுக்கினார்.

கீச்சென்று ஒரு குரல் கிளம்பியது. சின்னப் பிள்ளை அவசரம் அவசரமாகப் பேசுவதுபோல.

"அப்பா, எதுனா பேசுப்பா. உன் குரல டேப்புல புடிக்கறேன். பேசுப்பா."

கமலவேணி சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தும் முடியாமல் வாய்விட்டே சிரித்தாள்.

துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா செல்வாம்பாள் ஈரக் கையோடு ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"உங்க அண்ணன்டி."

அம்மாதான் எல்லாம் சொன்னாள். டேப் வாங்கிவந்த ராத்திரி, கமலவேணி தூங்கியபிறகு, சொல்தா போட்டுக்கொடுத்த பழைய கட்டையிலேயே கோவிந்தராசு பேசிப் பிடித்திருக்கிறான். தீருகிற கட்டையில் டேப் மெதுவாக ஓடும்போது பிடித்த குரல். புதுக் கட்டையில் போட்டால் இப்படித்தான் கீச்சிடும். கட்டை தீருகிற அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரம் மட்டும் பிள்ளை தன் சொந்தக் குரலில் பேசுவான்; கமலவேணி தூங்கியபிறகு அப்பா போட்டுக் கேட்பார். அப்புறம் டேப் நின்றுவிடும். காலையில் பாட்டு லேசாக இழுத்ததைக் கேட்டுவிட்டுத்தான் அப்பா முகம் வழிக்கப் போனாராம்.

கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வெறும் இரைச்சல். என்னத்தைப் பேசுவது என்று அன்றைக்கு அப்பா எழுந்து போய்விட்டார்.

டேப்பை நிறுத்தினார். கேசட்டை எடுத்துத் துண்டில் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அவளுடைய கேசட்டைத் தானே எடுத்துப் போட்டார்.

"உன் பாட்டப் போடும்மா."

கமலவேணி அமுக்கினாள். சத்தம் கூடினால் கட்டை சீக்கிரம் தீரும் என்று தோன்றியது. முழுசாகத் திருகிவைத்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டாள். அது முடிந்ததும் மறுபடி திருப்பினாள். அப்பா இந்தமுறை காதோடு துண்டைச் சுற்றவில்லை. டேப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் எதிர்வீட்டு ஆயம்மா வாசலில் வந்து நின்று, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டாள்.