குரல் மட்டும்

திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

சத்தம் இவளிடமிருந்து வர வேண்டும்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. ஒரு மைக். காதை மூடும் ஹெட்போன். கையில் ஒரு தாள்.

"இந்தச் சங்கினுள் மெல்லுடலி ஒன்று உயிருடன் வாழ்கிறது" என்று வாசித்தாள்.

திரையில் இருந்தவள் அதற்குள் பேசி முடித்திருந்தாள்.

"அவ வாய மூடினப்புறமும் நீ பேசிட்டிருக்கம்மா" என்றார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் இக்பால். "இன்னொரு தடவ போலாம்."

அது ஆறாவது முறை.

பவதாரணிக்குப் பதினைந்து வயது. அரூரிலிருந்து அப்பாவோடு சென்னைக்கு வந்திருக்கிறாள்.

கடல் உயிர்களைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தொடர். கேமரா முன் நின்று பேச இளம் செய்தியாளர்கள் தேவை. இரண்டு நிமிட வீடியோ அனுப்புங்கள். பள்ளி அறிவிப்புப் பலகையில் இருந்த அந்தத் தாளை நான்கு நாள் நின்று நின்று படித்தாள். ஐந்தாம் நாள் ஏரிக்கரைக்குப் போனாள். பின்னால் வந்த எருமைகளை விரட்டிவிட்டு, பவளப் பாறைகளைப் பற்றிப் பேசினாள்.

தேர்வாகிவிட்டதாக போன் வந்தது.

பையில் மாற்றுத் துணி மூன்று எடுத்து வைத்தாள். நனையும் என்று.

ஸ்டூடியோவுக்கு வந்த பிறகுதான் இயக்குநர் சாருமதி விவரம் சொன்னார். கடலில் நிற்பது வேறொரு பெண். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. தெற்கே பெரியதாழைக் கடற்கரைக்காரி, பெயர் ஸ்டெபினா.

"அவ பேசறது மத்த ஊர்ப் பிள்ளைங்களுக்குப் புரியாதுன்னு சேனல்ல சொல்லிட்டாங்க. உன்னோடது தெளிவான தமிழ். குரல் மட்டும் குடுத்தாப் போதும். கடைசியில பேர் போடுவோம்."

பவதாரணி தலையாட்டினாள். தலையாட்டாமல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏழாவது முறை.

ஸ்டெபினா இடுப்பளவு நீரில் நின்றாள். நீர் விலாவரை ஏறியது. இறங்கியது. ஒவ்வொரு முறையும் அவள் அதோடு சேர்ந்து எம்பிக் கொடுத்தாள். அது அவளுக்குத் தெரிந்தே இருக்காது.

பவதாரணி தாளைப் பார்க்க மறந்து அந்த நீரையே பார்த்தாள்.

ஸ்டெபினா குனிந்து ஒரு சங்கை எடுத்தாள். முகத்தருகே கொண்டுவந்தாள். கேமராவைப் பார்த்துக் கண்ணை விரித்து ஏதோ சொன்னாள். அந்தக் கண்ணுக்கும் தாளில் இருந்த 'மெல்லுடலி'க்கும் ஒட்டவே இல்லை.

"அண்ணா, அவங்க நெசமாப் பேசினது இருக்குதுங்களா? எங்க நிறுத்தறாங்கன்னு ஒருமுற கேட்டுக்கறனே."

இக்பால் சாருமதியைப் பார்த்தார். சாருமதி சரி என்றார்.

ஹெட்போனில் முதலில் காற்று வந்தது. பிறகு நீர் எதன்மீதோ அறையும் ஓசை. பிறகு கொஞ்சம் கரகரத்த ஒரு குரல்.

"பாத்தியளா... தொட்டிராதிய. உள்ள ஆளு இருக்கு. நம்ம வீட்டுக்குள்ள கதவத் தட்டாம ஒருத்தன் நொழஞ்சா நமக்குக் கோவம் வருமா வராதா? மெல்ல வச்சிருவோம். அது பாட்டுக்குப் போவட்டும்."

பவதாரணி சிரித்துவிட்டாள். இப்படி நிற்கத்தான், இப்படிப் பேசத்தான் அவள் ஆசைப்பட்டாள். அதை ஒருத்தி ஏற்கெனவே செய்துவிட்டாள். அதை அழித்துவிட்டு மேலே பேசத்தான் இவளை வரவழைத்திருக்கிறார்கள்.

"இப்ப டேக் போலாமா?" என்றார் இக்பால்.

அவள் தாளை மடித்தாள்.

"என்னம்மா?"

"மேடம், இத எதுக்குங்க மாத்தணும்?"

"சொன்னேனே. கடல் பக்கமே வராத பிள்ளைங்களுக்கு இது புரியாது."

"எனக்குப் புரியுதுங்களே."

சாருமதி பொறுமையாகச் சிரித்தார்.

"நான் கடலே பாத்ததில்லீங்க மேடம்."

சாருமதி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கால்மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அவர் காது சிவந்திருந்தது.

"அவ குரலே இருக்கட்டும்னு சேனல்ல ஒத்துக்கிட்டாங்க." பவதாரணியைப் பார்த்தார். "அப்ப உனக்கு இதுல வேலையில்லாமப் போயிடும். புரியுதா?"

"புரியுதுங்க."

புரிந்துதான் இருந்தது. வெளியே பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். மகள் டிவியில் வரப்போகிறாள் என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்திருந்தார். பஸ்ஸில் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அரூர் நெருங்கிய பிறகு.

இக்பால் மைக்கை அணைத்தார். சிவப்பு விளக்கு போயிற்று.

"அண்ணா, அத மொதல்ல இருந்து ஒருமுற போடறீங்களா? சும்மா கேக்கத்தான்."

வெட்டாத பதிவை எடுத்து, ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரோ யாரையோ குடை பிடிக்கச் சொன்னார்கள். யாரோ இருமினார்கள். தொலைவில் ஒரு படகின் எஞ்சின். அதற்கும் அடியில், நிற்காமல், கடல்.

சட்டென்று மிக அருகில் ஸ்டெபினா கத்தினாள்.

"பெரிய அல வருது, பின்னால போங்க!"

மூடிய அறைக்குள் பவதாரணி இரண்டடி பின்னால் போனாள்.