மாமியாரின் பிளாஸ்க்

ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே வரும் காலை வெயில், மாமியாரின் மடியில் தூங்கும் பேத்தியின் முகத்தில் விழுகிறது. மாமியாரின் அதே கருநிறம், அதே அகன்ற நெற்றி. டீ குடித்தால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று கர்ப்பம் முழுக்க மருமகளுக்கு ஒரு வாய் டீ தராதவர் அவர். அவள் எதிரிலேயே உட்கார்ந்து உறிஞ்சியவரும் அவரே. "நான் ஒரு சொட்டுகூடத் தொடலையே அத்தை. நீங்க குடிச்ச டீதான் போல!" என்கிறாள் மருமகள், களைத்த குரலில். நர்ஸ் சிரித்துவிடுகிறாள். "டீக்கும் கலருக்கும் என்னம்மா சம்பந்தம்? அளவாக் குடிச்சாப் போதும்." மாமியார் குழந்தையை மெல்லத் தாயருகே கிடத்திவிட்டு, தனக்கென்று கொண்டுவந்த பிளாஸ்கைத் திறக்கிறார். மூடி நிறைய ஊற்றி மருமகளிடம் நீட்டும்போது டீ தளும்பி அவர் விரல்களில் வழிகிறது. அவர் துடைக்கவில்லை. "பாத்துக் குடிம்மா, சூடு" என்கிறார், சுவரைப் பார்த்தபடி.