இடம் மாறி உட்கார்ந்தவன்

மனைவி சொன்னபடி மோட்டார் போடக் கிளம்பிய கௌதம்ராஜ், மாடி அறையில் அவள் குரல் கேட்டுப் படியிலேயே நின்றான். அக்காவிடம் போனில் பேசுகிறாள் போலிருக்கிறது.

"அவன் எதிர்ப்பக்கத்து ஆளு. வீட்டோட மாப்பிள்ளை கணக்கா இந்தப் பக்கம் வந்து, எல்லாருக்கும் மேல உக்காந்துக்கிட்டான்."

கௌதம்ராஜுக்குச் சுருக்கென்றது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மாமனார் வீட்டோடு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"கனமே இல்லாத ஆளு. ஆனா பொசுக்குன்னு பத்திக்கிடுவான்."

அவனுக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. கதவைத் தள்ளினான்.

"காளீஸ்வரி, யாரைச் சொல்லுத?"

டியூஷன் பிள்ளைகள் இன்று முன்னதாகவே வந்திருந்தார்கள். சுவரில் தனிம வரிசை அட்டவணை. காளீஸ்வரியின் ஸ்கேல் அதன் இடது மேல் மூலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஹைட்ரஜனை, அண்ணே" என்றாள் முன்னால் இருந்த மாணவி. "அலோகமெல்லாம் வலப்பக்கம். இது மட்டும் இடப்பக்கம், உலோகத்துக்கு மேல இருக்கு."

கௌதம்ராஜ் அசடு வழிந்தான். "நான் என்னையன்னு நெனச்சிட்டேன்."

"சேச்சே. ஹைட்ரஜன் வந்து சேந்தா தண்ணியாவது கிடைக்கும்" என்றாள் காளீஸ்வரி. "நீங்க மோட்டாரைப் போட்டீங்களா?"