வழி விடாத ஜீப்

"ஏனுங்க, பாப்பா காதைக் காதைப் புடிச்சு இழுத்துட்டு அழுகறா. என்ன பண்ணுதுன்னே தெரியலைங்க" என்றாள் யோகப்பிரியா, பின் இருக்கையிலிருந்து.

"காதடைப்பு, புள்ள. மலை மேல காத்து லேசு. எறங்க எறங்கக் காத்து கனமாகி, காதுச் சவ்வை உள்பக்கமா அமுக்கும். முழுங்கினா உள்ளார ஒரு குழாய் தொறந்து செரியாப் போயிரும். பால் குடு" என்றான் மோகனசுந்தரம், ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே.

அவன் சொன்னது சரிதான். ஏழு மாதக் குழந்தை மகிழினி பால் குடித்தாள், அழுகை விம்மலானது. அடுத்த வளைவில் மறுபடி வீறிட்டாள்.

"கீழ போயிட்டா நின்னுருமில்ல? அப்பச் சீக்கிரமா எறங்கு, மோகனு" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த அவன் அப்பா குப்பண்ணன்.

உடும்பஞ்சோலையில் இரண்டு நாள் சுற்றிவிட்டு, போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கிப் பெருமாட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்குக் குளிர் காற்று படக்கூடாது என்று கண்ணாடிகளை எல்லாம் ஏற்றியிருந்தார்கள். சாலைக்கு ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் மேகம் மிதக்கும் பள்ளம்.

"பாருங்கப்பா, வளைவுல ரோட்டை உள்பக்கமாச் சரிச்சுப் போட்டிருக்காங்க. வண்டி வெளிய வீசாது. எந்த மகராசன் அளந்து போட்டானோ!"

"ரோட்ட உடு. தென்னந்தோப்புல டிராக்டர் ஓட்டறவன் இந்த மலையில இப்படி ஓட்டறயே, அதைச் சொல்லு!" குப்பண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இதுல இன்னொரு சூட்சுமம் இருக்குதுங்கப்பா. எறக்கத்துல கியரே வேண்டாம். நியூட்ரல்ல போட்டா வண்டி தானா உருளும். பிரேக்கை மட்டும் புடிச்சாப் போதும். அடிவாரம் வரைக்கும் டீசல் மிச்சம்."

"கெட்டிக்காரன்!"

"என்னமோ கருகற வாசம் வருதுங்க" என்றாள் யோகப்பிரியா.

"ஏலக்காய் உலர்த்தற ஸ்டோரு பக்கத்துல இருக்கும். வெறகு எரிச்சு, அந்தச் சூட்டைக் குழாய்ல அறைக்குள்ள உடுவாங்க. அப்பத்தான் காய் பச்சை நிறம் மாறாமக் காயும்."

பின்னால் ஹாரன் விடாமல் அலறியது. மோகனசுந்தரம் ஒதுங்கினான். தோட்டத்து ஆட்களை ஏற்றும் ஜீப் ஒன்று உரசுவதுபோல முந்திச் சென்றது. பின்புறம் ஆறு பெண்கள். காரைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டபடி, கைகளை மேலும் கீழும் ஆட்டினார்கள்.

"பாப்பாவுக்கு டாட்டா காட்டறாங்க! எத்தனை நல்ல சனம்!" யோகப்பிரியா குழந்தையின் கையைத் தூக்கிப் பதிலுக்கு ஆட்டினாள்.

இரண்டு வளைவு தாண்டியதும் அதே ஜீப் ஓரமாக நின்றது. பெண்கள் தூக்குச்சட்டியோடு அவசர அவசரமாகக் கீழே குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடப்பாவி! நடு மலையில பொம்பளைங்களை எறக்கி உடறானே!" என்றார் குப்பண்ணன்.

கார் நெருங்கியதும் ஜீப் சட்டென்று முன்னால் புகுந்தது. அதன்பின் நடுச்சாலையை விட்டு அசையவில்லை. மாட்டுவண்டி வேகம். மோகனசுந்தரம் ஹாரனை அழுத்திப் பார்த்தான். விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்தான். ஜீப் வழி விடவில்லை. குழந்தை கத்திக் கத்திச் சிவந்துபோனாள்.

"எறங்கி ரெண்டு வெக்கோணும் இவனை!" என்றான் மோகனசுந்தரம்.

"இருந்தாலும் ஓட்டறது அழகா இருக்குதுங்க" என்றாள் யோகப்பிரியா. "இத்தனை எறக்கத்துல பிரேக் லைட்டு ஒருக்காக்கூட எரியலை, பாத்தீங்களா?"

"லைட்டு பீஸ் போயிருக்கும், புள்ள."

இன்னும் மூன்று வளைவுகள். நேர் எதிரே பள்ளம். ஜீப் மேலும் மெதுவானது. மோகனசுந்தரம் பிரேக்கை மிதித்தான். அது பஞ்சுபோலத் தரைவரை இறங்கியது. இன்னொரு முறை மிதித்தான்.

டொம்!

ஜீப்பின் பின்னால் மாட்டியிருந்த உபரி டயரில் கார் முட்டியது. ஜீப் முன்னால் பாயவில்லை. முதல் கியரில் உறுமியபடி, காரின் பாரத்தை முதுகில் வாங்கிக்கொண்டு, பாறையோரமாக இழுத்து நின்றது. அப்போதுதான் அதன் பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஓட்டுநர் குதித்து ஓடிவந்து கார்ச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லை வைத்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் கபிரியேல் என்று நூலால் பெயர் தைத்திருந்தது.

மோகனசுந்தரம் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தான். "கைக்கொழந்தை இருக்கற வண்டிங்க! வழி உட்டிருந்தா இப்படி இடிச்சிருக்குமா?"

"வழி விட்டிருந்தா என்னைய இடிச்சிருக்க மாட்டீங்க, அண்ணே. அந்தா, அங்கன போயிருப்பீங்க." கபிரியேல் பள்ளத்தைக் காட்டினார். பிறகு முன்சக்கரத்தைக் காட்டினார். அதிலிருந்து புகை சுருண்டு வந்தது. அதே கருகல் வாசம். "கியர்ல வந்தா எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கிடும். நியூட்ரல்ல வந்தா மொத்தப் பாரமும் பிரேக்குக்குத்தான். காஞ்சு வெந்துபோச்சு. பொகையப் பாத்துட்டு எங்க பொம்பளையாளுக தொண்டை கிழியக் கத்தினாங்க, மெதுவாப் போங்கன்னு கைய ஆட்டினாங்க. நீங்க டாட்டா காட்டுறீக!"

யோகப்பிரியா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"ஒரு மணி நேரம் ஆறட்டும், அண்ணே. நான் மெக்கானிக்கக் கூட்டியாரேன், அதுவரை வண்டியத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கபிரியேல் ஜீப்பில் ஏறி, வந்த வழியே மேலே திருப்பினார். "முதல்ல மேல நிக்கிற ஆறு பேரையும் ஏத்திட்டு வாரேன். இடி வாங்குறதுக்கு நான் ஒருத்தன் போதும்னுதான் அவங்கள இறக்கி விட்டுட்டு வந்தேன்."